‘பைண்ட் செய்துவிட்டோம்’ என்று மட்டும் சொல்லாதீர்கள்

மறுபடியும் அதே கோளாறு. ஒரு சிறிய நிறுவனத்தின் ரெடிஸ் (நினைவகத்தில் இயங்கும் தரவுத்தளம்) சர்வர் கடவுச்சொல் இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்தது. யாரோ புகுந்து, கிரிப்டோ நாணயம் எடுக்கும் நிரலை ஓடவிட்டிருந்தார்கள். பாதுகாப்புத் தணிக்கைப் படிவத்தில் ‘பைண்டிங் சரிபார்க்கப்பட்டதா?’ என்ற கேள்விக்கு எதிரே ‘ஆம்’ என்று இருந்தது. பைண்டிங் என்றால் ஒன்றை இன்னொன்றோடு பிணைப்பது; கணினித் துறையில் அதற்குப் பல பொருள் உண்டு. எந்த பைண்டிங் என்று கேட்டேன். தரவுத்தளத்துக்கு அனுப்பும் எஸ்.க்யூ.எல். வினவல்களில் பயனர் தரும் மதிப்புகளைத் தனியாகப் பிணைத்து அனுப்புவதைச் சொன்னார் நிரலாளர். அதை அவர் ஒழுங்காகவே செய்திருந்தார். படிவம் கேட்டதோ, சர்வர் எந்த முகவரியில் இணைப்புகளுக்காகக் காத்திருக்கிறது என்பதை.

அந்த முகவரி 0.0.0.0. இதை ‘முகவரி எதுவும் இல்லை’ என்றும், ‘இந்தக் கணினி மட்டும்’ என்றும் புரிந்துகொள்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பைண்ட் செய்யும் இடத்தில் 0.0.0.0 என்று எழுதினால், அந்தக் கணினிக்கு இருக்கும் எல்லா ஐ.பி.வி.4 முகவரிகளிலும் இணைப்புகளுக்காகக் காத்திரு என்று பொருள். பொது ஐ.பி. இருந்தால் அதுவும் சேர்த்தி. அதே கணினிக்குள்ளிருந்து வரும் இணைப்பு மட்டும் போதும் என்றால் எழுத வேண்டியது 127.0.0.1. ‘0.0.0.0 போட்டதும்தான் வேலை செய்தது’ என்கிறார்கள். உலகத்துக்கே திறந்துவிட்டால் உங்களுக்கும் திறக்கத்தானே செய்யும்!

அடுத்து வரும் பதில், ‘ஃபயர்வால் இருக்கிறதே.’ உபுண்டு லினக்ஸில் யு.எஃப்.டபிள்யூ. என்ற ஃபயர்வாலைப் போட்டுவிட்டு, நிரல்களைக் கன்டெய்னர் என்ற தனிப்பெட்டிகளில் ஓட்டும் டாக்கரில் 6379:6379 என்று ரெடிஸின் போர்ட்டை, அதாவது இணைப்பு வாசலை, திறக்கிறார்கள். டாக்கர் தன் விதிகளை லினக்ஸின் போக்குவரத்து வடிகட்டியான ஐ.பி.டேபிள்ஸில் நேரடியாக எழுதுகிறது. அந்தப் போக்குவரத்து யு.எஃப்.டபிள்யூ. விதிகளைத் தொடாமலே கன்டெய்னருக்குப் போய்விடும். முன்வாசலில் காவலாளியை நிறுத்திவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைப்பது போன்றது இது. கடவுச்சொல் இல்லாத ரெடிஸை வெளியாட்களிடமிருந்து காக்கும் ‘பாதுகாக்கப்பட்ட நிலை’ 3.2 பதிப்பிலேயே வந்துவிட்டது. ஆனால் டாக்கருக்கான அதிகாரபூர்வ ரெடிஸ் இமேஜில் (தயார்நிலைத் தொகுப்பில்) அது அணைக்கப்பட்டே வருகிறது. அந்தக் குறிப்பைப் படித்தவர்களை நான் அரிதாகவே பார்க்கிறேன்.

‘எங்கள் சர்வரை யார் தேடப்போகிறார்கள்?’ என்று கேட்காதீர்கள். ஷோடான் போன்ற தேடுபொறிகளுக்குத் திறந்து கிடக்கும் சர்வர்களுக்காக இணையத்தைச் சலிப்பதுதான் தொழில். 2017 ஜனவரியில் இப்படித் திறந்து கிடந்த பல்லாயிரம் மோங்கோடிபி தரவுத்தளங்களை அழித்துவிட்டு, பணம் கேட்டுக் குறிப்பு வைத்துப் போனார்கள். அதே ஆண்டு வந்த 3.6 பதிப்பிலிருந்துதான் எல்லா நிறுவல்களிலும் லோக்கல்ஹோஸ்ட், அதாவது அதே கணினி மட்டும் என்பது, இயல்புநிலை ஆனது. பழைய அமைப்புக் கோப்பை அப்படியே நகலெடுப்பவர்களை அதுவும் காப்பாற்றாது.

மற்ற பைண்டிங்குகளிலும் அலட்சியம் குறைவில்லை. எஸ்.க்யூ.எல்.லில் மதிப்புகளை மட்டுமே பிணைக்க முடியும்; அட்டவணைப் பெயரையும் நெடுவரிசைப் பெயரையும் பிணைக்க முடியாது. வரிசைப்படுத்தும் நெடுவரிசையைப் பயனரிடம் வாங்கி அப்படியே ஒட்டுபவர்கள், அனுமதித்த பெயர்களின் பட்டியலோடு ஒப்பிட்டுவிட்டு ஒட்டுங்கள். படிவத்தில் வரும் புலங்களையெல்லாம் ஆப்ஜெக்டோடு தானாகப் பிணைக்கும் வசதி இன்னொரு பள்ளம். 2012 மார்ச்சில் இகோர் ஹோமகோவ் என்ற நிரலாளர், நிரல்களைச் சேமிக்கும் கிட்ஹப் தளத்தின் படிவத்தில் ஒரு புலத்தைக் கூடுதலாக அனுப்பி, தனக்கு அனுமதி இல்லாத ரெயில்ஸ் (வலைச் செயலிகளுக்கான கட்டமைப்பு) களஞ்சியத்திலேயே எழுதிக் காட்டினார். பயனர் விவரக் கோப்பகத்தை அணுகும் எல்டாப் நெறிமுறையில் பைண்ட் என்பது உள்நுழைவு. பயனர் பெயரோடு வெற்றுக் கடவுச்சொல் போனால், சில சர்வர்கள் அதை அடையாளமற்ற இணைப்பாக ஏற்று ‘வெற்றி’ என்று பதில் சொல்லும். உங்கள் நிரல் அதை நம்பி ஆளை உள்ளே விட்டுவிடும். வெற்றுக் கடவுச்சொல்லை நிரலிலேயே மறுத்துவிடுங்கள்.

தணிக்கைப் படிவம் தயாரிப்பவர்களே, ‘பைண்டிங்’ என்று ஒற்றைச் சொல்லில் கேட்காதீர்கள். எது, எதோடு, யார் தரும் மதிப்பைக் கொண்டு என்று எழுதிக் கேளுங்கள். நிரலாளர்களே, கன்டெய்னருக்குள் 0.0.0.0 இருக்கலாம், போர்ட்டை வெளியே திறக்கும் வரியில் 127.0.0.1:6379:6379 என்று முழுதாக எழுதுங்கள். உள்வலையில் இருந்தாலும் கடவுச்சொல் வையுங்கள். ஐ.பி.வி.6 பக்கத்தையும் பாருங்கள். அங்கே இரட்டை முக்காற்புள்ளிக்கும் (::) எல்லா முகவரிகளும் என்றுதான் பொருள். சர்வரை ஒப்படைக்கும் முன் அலுவலக வைஃபையை விட்டு வெளியே வந்து, மொபைல் இணையத்திலிருந்து உங்கள் பொது ஐ.பி.யை நீங்களே ஒருமுறை ஸ்கேன் செய்துவிடுங்கள், தயவுசெய்து.