அந்தெஸ்தீரியா: மலர் விழாவா, பூக்கால விழாவா?

பண்டைய ஏதென்ஸ் நகரத்தார் மதுக்கடவுளான தியோனிசஸுக்கு ஆண்டுதோறும் மூன்று நாள் எடுத்த விழாவின் பெயர் அந்தெஸ்தீரியா. பூவைக் குறிக்கும் ‘அந்தோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லே இதன் வேர் என்பது பெரும்பாலோர் கொள்ளும் கருத்து. விழா நடந்த மாதமும் அதனாலேயே அந்தெஸ்தீரியோன் எனப்பட்டது; அது ஏறத்தாழ நம் மாசியை ஒட்டி வரும்.

இதைத் தமிழில் ‘மலர் விழா’ என்று எழுதுவது வேரளவில் பிழையன்று. ஆயினும் அது படிப்பவர் மனத்தில் மலர்க் கண்காட்சியையோ பூச்சொரிதலையோ எழுப்பிவிடும். இவ்விழாவிலோ மூன்று வயதுக் குழந்தைகளுக்குப் பூமாலை சூட்டியதைத் தவிர மலருக்குப் பெரிய இடமில்லை. பெயர் சுட்டுவது பூக்கும் பருவத்தை என்பதால் ‘பூக்கால விழா’ என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

மூன்று நாள்களும் மூன்று மண்கலங்களால் பெயர் பெற்றவை. மாதத்தின் 11ஆம் நாள் பிதோய்கியா, அதாவது தாழி திறப்பு. ‘பிதோஸ்’ என்பது பெரும்பாலும் மண்ணில் பாதி புதைத்து வைக்கப்படும் பெருங்கலம். அதை ‘ஜாடி’ என்றால் அளவே தவறிவிடும். சென்ற இலையுதிர்காலத்தில் பிழிந்த திராட்சை மது அன்றுதான் திறக்கப்பட்டு, முதலில் கடவுளுக்கு வார்க்கப்பட்டது. 12ஆம் நாள் கோயெஸ், குடுவை நாள். ஒவ்வொருவரும் தமக்கெனத் தனிக் குடுவை வைத்துக்கொண்டு பேசாமல் குடித்தனர். தாயைக் கொன்ற பழியோடு ஏதென்ஸுக்கு வந்த ஒரெஸ்டெஸுடன் யாரும் ஒரே கலத்தில் பருகாதிருக்கவே இம்முறை வந்தது என்று அவர்கள் கதை சொன்னார்கள். 13ஆம் நாள் கித்ரோய், பானை நாள். அன்று பலவகை விதைகளையும் தானியங்களையும் ஒரே பானையில் வேகவைத்து, இறந்தோரை வழிநடத்தும் ஹெர்மிஸுக்குப் படைத்தார்கள்.

விழா முடிவில் சொல்லப்பட்ட ஒரு தொடர் பழமொழியாகவே நிலைத்துவிட்டது: “கேரெஸ்களே, வெளியே போங்கள், அந்தெஸ்தீரியா முடிந்தது.” கேரெஸ் என்பவை இறப்போடு தொடர்புடைய ஆவிகள். அச்சொல்லைக் ‘காரெஸ்’ என்று பாடங்கொண்டு, விழா நாள்களில் வீட்டில் விருந்துண்ட காரியா நாட்டு அடிமைகளை மீண்டும் வேலைக்கு அனுப்பும் சொல் அது என்று விளக்கியவர்களும் உண்டு. ஓர் உயிரெழுத்து மாறினால் ஆவி அடிமையாகிவிடுகிறது. ஆயினும் ஆவிகளை அண்டவிடாமல் காக்க அதே விழாவில் கதவுகளுக்குத் தார் பூசி, முள்மரத்தின் இலையை மென்றவர்கள் அவர்கள் என்பதால், கேரெஸ் என்ற பாடத்தையே நான் ஏற்கிறேன்.