வலி காலில், நெருக்கடி இடுப்பில்

தெருமுனை வரை நடப்பதற்குள் கால் கனத்துவிடும். கெண்டைக்கால் மரத்துப்போகும். வயதான அந்த மனிதர் எங்காவது திண்ணையைத் தேடி உட்காருவார். இரண்டு நிமிடத்தில் சரியாகிவிடும். அதே ஆள் சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் சுற்றுவார். "கடைன்னா மட்டும் கால் வலிக்காதோ?" என்று வீட்டில் கேலி பேசுவார்கள். உண்மையில் நோயைக் காட்டிக்கொடுப்பதே அந்தத் தள்ளுவண்டிதான். இடுப்புப் பகுதியில் முதுகெலும்புக் குழாய் சுருங்கி நரம்புகளை நெருக்கும் நோய் இது (lumbar spinal stenosis).

தண்டுவடம் இடுப்பின் அடிவரை நீள்வதில்லை. முதல் அல்லது இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பு அருகே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே அந்தக் குழாய்க்குள் குதிரைவால் போல நரம்புக் கற்றை தொங்குகிறது. கால்களுக்குப் போகும் நரம்புகள் இவை. இடுப்பில் இவை நசுங்கினாலும், வலி காலில் இருப்பதாகத்தான் மூளை எடுத்துக்கொள்ளும்.

நசுக்குவது யார்? வயதாக ஆக, முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தை போலிருக்கும் டிஸ்க் நீர் வற்றித் தட்டையாகி, பின்பக்கம் பிதுங்குகிறது. அதன் சுமையும் பின்னாலுள்ள சிறு மூட்டுகள் மேல் விழ, அவை தேய்ந்து புடைக்கின்றன. குழாயின் பின்பக்கமுள்ள மஞ்சள் தசைநார் என்ற பட்டை தடிக்கிறது. ஆக முன், பக்கவாட்டு, பின் என எல்லாப் பக்கமும் நெருக்கடி. 4, 5-ஆம் இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவில்தான் இது அதிகம். சாதாரணமாக 15 மில்லிமீட்டருக்குக் குறையாத குழாய் 10-க்கும் கீழே சுருங்கிவிடலாம்.

நிமிர்ந்து நிற்கும்போது இடுப்பு பின்னோக்கி வளைகிறது. தடித்த பட்டை மடிந்து உள்ளே துருத்துகிறது. நரம்புகளுக்கு ரத்தம் கூடுதலாகத் தேவைப்படும் நடையின்போதே அது தடைபடுகிறது. குனிந்தால் பட்டை இழுபட்டு இடம் கிடைக்கிறது. அதனால்தான் தள்ளுவண்டி ஒத்துக்கொள்கிறது, சைக்கிளும்கூட. காலின் ரத்தக்குழாய் அடைப்பிலும் நடந்தால் வலிக்கும். ஆனால் அங்கே வலி அடங்கச் சும்மா நின்றாலே போதும், குனியவோ உட்காரவோ வேண்டாம்.

நெதர்லாந்தின் நரம்பியல் அறுவை மருத்துவர் ஹெங்க் வெர்பீஸ்ட் 1954-இல் இந்த நோயை விரிவாக எழுதினார்.

பலருக்கு உடற்பயிற்சியும் மருந்துமே போதும். நடையே முடங்கினால் எலும்பைச் சிறிது எடுத்து இடம் உண்டாக்குவார்கள். திடீரென்று சிறுநீர் நின்றுபோனாலோ, தொடை இடுக்கு மரத்தாலோ உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

இன்னொரு வேடிக்கை: எம்.ஆர்.ஐ.யில் குழாய் சுருங்கித் தெரிந்தும் வலியே இல்லாத முதியவர்கள் நிறைய. அப்புறம், வழக்கமாக அந்தப் படத்தை எடுப்பதே நோயாளியைப் படுக்கவைத்து, அதாவது அவருக்கு வலி இல்லாத நிலையில்.