ஹைட்ரஜனோலிசிஸ்: சொல் விளக்கம்

பல்லேடியம் கரியை, அதாவது பல்லேடியம் உலோகம் படிந்த கரித்தூள் வினையூக்கியைப் போட்டு, ஹைட்ரஜன் பலூனை மாட்டி, மூலக்கூறின் ஒரு முனை வினைபுரியாமல் இருக்கத் தற்காலிகமாகக் கட்டிய பென்சைல் காப்புத் தொகுதியைக் கழற்றுகிற வினையை ஆய்வகத்தில் "ஹைட்ரஜனேஷன்" என்றே சொல்லிப் பழகிவிட்டோம், தமிழில் எழுதும்போதும் கை தானாக "ஹைட்ரஜனேற்றம்" என்று எழுதிவிடுகிறது. குடுவையும் வினையூக்கியும் ஒன்றாக இருக்கலாம், உள்ளே நடப்பது வேறு. எண்ணெயை வனஸ்பதி ஆக்கும்போது இரட்டைப் பிணைப்பில் ஹைட்ரஜன் ஏறுகிறது, எதுவும் பிரிந்து போவதில்லை, அதனால் அது ஏற்றம். காப்புத் தொகுதியை நீக்கும்போதோ ஒற்றைப் பிணைப்பு ஒன்று அறுந்து, இரண்டு முனையிலும் ஒவ்வொரு ஹைட்ரஜன் சேர்கிறது. இதற்குச் சரியான பெயர் ஹைட்ரஜனோலிசிஸ்.

சொல் கிரேக்க வேர்களால் ஆனது. ஹைடோர் என்றால் நீர். எரிந்தால் நீரை உண்டாக்கும் வாயு என்பதால் 1787-ல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் ஹைட்ரஜன் என்று பெயர் வைத்தார்கள். லிசிஸ் என்றால் அவிழ்த்தல், பிரித்தல். இந்த லிசிஸுக்குத் தமிழில் ஏற்கெனவே நல்ல வழி இருக்கிறது: எலக்ட்ரோலிசிஸ் மின்னாற்பகுப்பு, ஹைட்ரோலிசிஸ் நீராற்பகுப்பு. அதே தடத்தில் போனால் ஹைட்ரஜனாற்பகுப்பு. நடுவில் இருக்கும் அந்த "ஆல்" உருபை விட்டுவிடக் கூடாது. "ஹைட்ரஜன் பகுப்பு" என்று எழுதினால் ஹைட்ரஜனையே பகுக்கிறோமோ என்று தோன்றும். ஹைட்ரஜனுக்கு நீரகம் என்ற தமிழ்ச் சொல் எனக்குப் பிடிக்கும், ஆனாலும் நீரகத்தாற்பகுப்பு என்று எழுதினால் வேகமாகப் படிக்கிறவர் நீராற்பகுப்பு என்றே எடுத்துக்கொள்வார், அதனால் இங்கே ஹைட்ரஜனே இருக்கட்டும்.

காப்பு என்ற சொல்லோ கச்சிதம். திருவிழாவுக்குக் காப்புக் கட்டி, காரியம் முடிந்ததும் அவிழ்ப்பது போலத்தான் இதுவும்.

1932-ல் ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் மாக்ஸ் பெர்க்மனும் லியோனிடாஸ் செர்வாஸும் அமினோ அமிலங்களின் அமீன் முனைக்குக் கட்டிய பென்சைலாக்சிகார்போனைல் காப்புதான் இதற்கு நல்ல உதாரணம். அமினோ அமிலங்களை இணைக்கும் பெப்டைடு பிணைப்பைக் காரமோ வலுவான அமிலமோ கொண்டு சிதைக்காமல், பல்லேடியத்தோடு ஹைட்ரஜனைச் செலுத்தினால் போதும். பென்சைல் கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலான பிணைப்பு அறுந்து டொலுயீன் போய்விடும், மிச்சமிருக்கும் கார்பமிக் அமிலம் நிலைக்காமல் கார்பன் டைஆக்சைடை விட்டுவிடும், அமீன் வெளிப்படும். வெளியேறும் வாயுவைப் பேரியம் ஹைட்ராக்சைடு கரைசலுக்குள் விட்டால் வெள்ளையாகக் கலங்கும், வினை ஓடுகிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

பல காப்புகளில் வேண்டியதை மட்டும் தேர்ந்து கழற்றுவதைத் "தெரிந்து நீக்குதல்" என்பார்கள், அது இதில் எங்கே வருகிறது? அதே மூலக்கூறில் அமிலத்தால் மட்டும் அவிழும் பாக் (Boc) என்ற வேறொரு காப்பு இருந்தால் இந்த ஹைட்ரஜன் அதைத் தொடாது, ஒன்று கழன்றாலும் இன்னொன்று அப்படியே நிற்கும். ஆனால் தெரிவுக்கும் எல்லை உண்டு, இரட்டைப் பிணைப்போ நைட்ரோ தொகுதியோ கூடவே இருந்தால் அவையும் ஹைட்ரஜனோடு வினைபுரிந்து ஒடுக்கமடையும். கந்தகம் இருந்தால் பல்லேடியமே நஞ்சேறிச் செயலிழக்கும், சிஸ்டீன் என்ற கந்தகமுள்ள அமினோ அமிலம் இருக்கும் பெப்டைடுகளில் இந்த முறை தடுமாறுவதற்குக் காரணம் அதுதான்.

அப்புறம், வினை முடிந்து வடிகட்டும்போது அந்தக் கரியை உலர விடாதீர்கள். ஹைட்ரஜன் ஏறிய பல்லேடியம் கரி காற்றுப்பட்டால் தானே தீப்பிடிக்கும், பக்கத்தில் மெத்தனால் ஆவி வேறு இருக்கும், தண்ணீரால் நனைத்தே வையுங்கள்.