'கம்' என்றால் 'கம்' தானா?

போன வாரமும் ஒன்று வந்துவிட்டது. முதுகலை மாணவர் ஒருவர் ஆய்வேட்டின் முதல் வரைவைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நாற்பது பக்கத்துக்குச் சொற்பட்டியல். முதல் பக்கத்திலேயே மூன்று வரிகள்: ஆங்கில 'கம்' (வா) சமஸ்கிருத 'கம்' (போ) என்பதிலிருந்து பிறந்தது, ஆங்கில 'கோ'வும் (போ) அதே வேர்தான், சீசர் சொன்ன லத்தீன் 'வேனி' நம் 'வந்தேன்'. இதே மூன்றும் மாதத்துக்கு இரண்டு முறையாவது கைப்பேசியிலும் வந்து விழுகின்றன. ஆளாளுக்குப் பதில் எழுதி எனக்கு அலுத்துவிட்டது.

முதலில் எழுத்தைக் கவனியுங்கள். இரண்டு 'கம்'மும் தமிழில் எழுதினால் ஒன்றுபோலத் தெரிகின்றன. வாயால் சொல்லிப் பாருங்கள். ஆங்கிலச் சொல்லில் வருவது 'கல்'லின் ககரம். சமஸ்கிருத வேரில் வருவது 'தங்க'த்தின் ககரம். நம் எழுத்து அந்த வேறுபாட்டைக் காட்டுவதில்லை. நமக்கு அது தேவையும் இல்லை. ஆனால் இங்கே உறவுக்குச் சாட்சியே அந்த வேறுபாடுதான். இரண்டும் ஒரே ஒலியாக இருந்திருந்தால்தான் நான் சந்தேகப்பட்டிருப்பேன்.

சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன், ஆங்கிலம் எல்லாவற்றுக்கும் மூதாதையான இந்தோ-ஐரோப்பிய மூலமொழிக்கு எழுத்துச் சான்று எதுவும் கிடையாது. மகள் மொழிகளை ஒப்பிட்டுத்தான் அதில் 'அடியெடுத்து வை, வந்து சேர்' என்ற பொருளில் ஒரு வினைவேரை மீட்டெடுத்திருக்கிறோம்: *க்வெம். தங்கத்தின் ககரத்தை உதட்டைக் குவித்துச் சொன்னால் முதல் ஒலி வந்துவிடும். முன்னால் உள்ள உடுக்குறி, 'இது எங்கும் எழுதப்பட்டுக் கிடைத்ததல்ல' என்பதற்கு அடையாளம். (பட்டியல்காரர்கள் முதலில் தொலைப்பது அதைத்தான்.) அந்த முதல் ஒலி சமஸ்கிருதத்தில் குவிப்பை இழந்தது. ஆங்கிலம் சேர்ந்த ஜெர்மானியக் கிளையில் கல்லின் ககரமாக மாறியது: அக்கிளையின் பழைய மொழியான கோதிக்கில் 'க்விமன்', பழைய ஆங்கிலத்தில் 'குமன்', இன்று 'கம்'. லத்தீனில் ககரமே போய் வகரம் மிஞ்சியது: 'வெனியோ', வருகிறேன். கிரேக்கத்தில் 'தம்பி'யின் பகரமானது: 'பைனோ', நடக்கிறேன்.

ஒரு சொல்லில் இப்படி அமைந்தால் தற்செயல் என்று தள்ளலாம். சரி, 'உயிர்' பற்றிய சொல்லை எடுங்கள். சமஸ்கிருதத்தில் 'ஜீவ', ஆங்கிலத்தில் 'குவிக்' (பழைய பொருள் உயிருள்ள), லத்தீனில் 'வீவுஸ்', கிரேக்கத்தில் 'பியோஸ்'. அதே வரிசை, இகரத்துக்கு முன் சமஸ்கிருத ககரம் ஜகரமாகியிருக்கிறது, அவ்வளவுதான். பசுவுக்குச் சமஸ்கிருதத்தில் 'கோ', ஆங்கிலத்தில் 'கௌ', கிரேக்கத்தில் 'பௌஸ்'. வேர் மட்டுமல்ல, விகுதியோடு சேர்ந்த முழுச்சொல்லும் பொருந்துகிறது: 'நீதான் கதி' என்கிறோமே, அந்தக் 'கதி'யும் ஆங்கிலேயர் கிரேக்கத்திலிருந்து எடுத்துக்கொண்ட 'பேஸிஸ்' என்ற சொல்லும் ஒரே அச்சில் வார்த்தவை. காதுக்கு ஒட்டவே இல்லை, இல்லையா? 'டயாபடீஸ்' கூட இந்த 'பைனோ' குடும்பம்தான்: ஊடே செல்வது. குடித்த தண்ணீர் உடம்பில் தங்காமல் ஊடே போய்விடுகிறதாம்.

இப்போது ஆங்கில 'கோ'. சமஸ்கிருதத்தில் தங்கக் ககரம் என்றால் ஆங்கிலத்தில் கல் ககரம் வர வேண்டும். 'கோ'வில் இருப்பது தங்கக் ககரம். பார்க்க அச்சாக இருப்பதே அதற்கு எதிரான சாட்சி. அது வேறு வேர்.

'வேனி' இன்னும் மோசம். அதன் வகரம் பழைய 'க்வ்'வின் எச்சம், னகரம் பழைய மகரம். 'வந்தேன்' என்பதிலோ வேர் 'வா'. அந்த நகரம் இறந்தகால இடைநிலையைச் சேர்ந்தது. 'வருகிறேன்', 'வருவேன்' என்று சொல்லிப் பாருங்கள், காணாமல் போய்விடும். கன்னடத்தில் 'வந்தேன்' என்பதைத் தம்பியின் பகரத்தோடு 'பந்தெ' என்பார்கள். இவர்கள் கணக்குப்படி கன்னடம் கிரேக்கத்துக்கும் தமிழ் லத்தீனுக்கும் பிறந்திருக்க வேண்டும்.

எனக்கு அதிகம் எரிச்சலூட்டுவது முதல் வரிதான், ஏனென்றால் அது பாதி சரி. உறவு உண்டு, பிறப்பு இல்லை. சித்தி மகளைப் பார்த்து 'நீ எனக்குப் பிறந்தவள்' என்றால் வீட்டில் சும்மா விடுவார்களா? 1786-ல் நீதிபதியும் மொழியறிஞருமான வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் பேசியபோதே, சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் ஒரு பொது மூலத்திலிருந்து வந்தவை, அந்த மூலம் இப்போது இல்லாமலே போயிருக்கலாம் என்றுதான் சொன்னார். சமஸ்கிருதம் தாய் என்று சொல்லவில்லை.

சமஸ்கிருதமே அதற்குச் சாட்சி சொல்கிறது. 'போனான்' என்பதற்கு 'ஜகாம'. வேரின் முதல் ஒலியை இரட்டித்து அமைத்த வடிவம். அப்படியானால் 'ககாம' என்றல்லவா இருக்க வேண்டும், ஜகரம் எப்படி வந்தது? அங்கே முன்பு இருந்த உயிர் எகரம். ஈகாரம் 'ஜீவ'வின் ககரத்தைத் திரித்தது போலவே எகரமும் திரித்தது. பிறகு சமஸ்கிருதத்தில் எகரம் அகரமாகிவிட்டது. ஜகரம் மட்டும் தழும்பாக நின்றுவிட்டது. அந்த எகரத்தைப் பழைய கிரேக்கம் இப்படி இரட்டித்த வடிவங்களில் அப்படியே வைத்திருக்கிறது. மகளிடம் இருக்கும் பழைய நகை தாயிடமே இல்லை என்றால் அவள் என்ன தாய்? 1870-களில் தீர்ந்துபோன வழக்கு இது.

அதனால் தயவுசெய்து, ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு ஓடாதீர்கள். அதே ஒலி வரிசையில் இன்னும் நாலு சொல் கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். இன்றைய வடிவத்தை ஒப்பிடாதீர்கள், பழைய வடிவத்தைத் தேடுங்கள். அப்புறம், கடனையும் பிறப்பையும் குழப்பாதீர்கள்: 'கதி', 'ஆகமம்', 'சங்கமம்' எல்லாம் இந்த வேரிலிருந்து வந்து நம்மிடம் தங்கியவை. தமிழ் கடன் வாங்கியது என்பதற்கு மேல் அவை எதையும் நிறுவாது. தமிழுக்குப் பெருமை சேர்க்க வேண்டும் என்றுதான் பலர் இதைச் செய்கிறீர்கள், புரிகிறது. 'வா'வுக்குத் திராவிட மொழிகளில் உடன்பிறப்புகள் இருக்கும்போது சீசரிடம் போய் ஏன் நிற்க வேண்டும்?

மாணவர் விடவில்லை. "அப்போ 'வெல்கம்', 'ஸ்வாகதம்' சார்?" என்றார். நல்ல கேள்வி. இரண்டிலும் *க்வெம் இருக்கிறது. ஆனால் பழைய ஆங்கில 'வில்குமா' என்றால் வரவை விரும்பப்படுகிறவர். 'நன்றாக' என்ற பொருள் பின்னால் ஒட்டியது. 'ஸ்வாகதம்' தொடக்கத்திலிருந்தே 'நன்றாக வந்தது'. இரண்டு வீட்டிலும் தனித்தனியாகக் கட்டிய சொற்கள். "அப்போ இதையும் அடிச்சுடவா?" என்று பென்சிலை எடுத்தார். வேண்டாம், இரண்டாகப் பிரித்து எழுதுங்கள், வேருக்கு ஒரு வரி, கட்டுமானத்துக்கு ஒரு வரி என்றேன்.