ரெட்ரோ – பழம்பாணி

கோவையில் 'ரெட்ரோ ஃபோக் ராக்' என்று சுவரொட்டியில் போட்டிருந்த ஒரு நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன். கிட்டார், டிரம்ஸ், நடுவில் ஓர் உடுக்கை. இரண்டாவது பாட்டிலேயே பாதி அரங்கம் எழுந்து ஆடியது. பக்கத்து நாற்காலிப் பெரியவர், "பழைய பாட்டுக் கச்சேரியா கண்ணு?" என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகு என்ன என்று சொல்ல, தமிழ்ச்சொல் உடனே வாயில் வரவில்லை. அந்தக் கேள்விக்கான பதில்தான் இது.

லத்தீனில் 'ரெட்ரோ' என்றால் பின்னோக்கி. முந்தைய தலைமுறையின் உடையும் அலங்காரமும் 1970களில் பிரான்சில் மறுபடி விரும்பப்பட்டபோது, அந்தப் போக்குக்கு இது பெயரானது. பிறகு ஆங்கிலத்துக்குப் போனது. எனவே 1960இல் பதிவான பாட்டு ரெட்ரோ ஆகாது, அது பழைய பாட்டு. அந்தக் காலத்தைத் திரும்பிப் பார்த்து இன்று புதிதாகக் கட்டும் பாட்டே ரெட்ரோ.

'ஃபோக்' மக்கள். 'ராக்' இங்கே பாறை இல்லை, ஆட்டுதல், அசைதல். தொட்டிலை ஆட்டுவதற்கும் ஆங்கிலத்தில் அதே வினைதான். 1960களின் நடுவில் அமெரிக்காவில் நாட்டுப்பாடலும் மின் கிட்டாரும் சேர்ந்தபோது ஃபோக் ராக் என்ற பெயர் பரவியது.

ரெட்ரோவுக்குப் 'பழமை' என்று எழுதினால் தூசி படிந்துவிடுகிறது. 'பழம்பாணி' என்பதே என் தேர்வு. இன்று பாணி என்றால் நடை, போக்கு. ஆனால் அந்தச் சொல்லுக்குப் பாட்டு, தாளம், கை என்றும் பொருள் உண்டு. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் 'ஆடலும் பாடலும் பாணியும் தூக்கும்' என்று வரும்போது பாணி தாளம்தான். இசைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

பழையது புதிதாவதற்கு வள்ளி ஒயில் கும்மியையே பாருங்கள். ஆண்கள் ஆடிவந்த ஆட்டம். மரபை மீறிப் பெண்களுக்கும் அதைக் கற்றுக்கொடுத்த கோவை மாவட்டத்துப் பத்ரப்பன் 2024இல் பத்மஸ்ரீ பெற்றார். பாட்டு அதே வள்ளி முருகன் கதை. ஆடும் கால்கள் புதியவை. இந்த மகிழ்ச்சிக்காகத்தான் ரெட்ரோ ஃபோக் ராக் இசைக்குழுக்களையும் தேடிப் போகிறோம்: பாட்டி அறிந்த தாளத்தில் பேத்தியும் கால் வைக்கலாம்.

கடைசிப் பாட்டின்போது திரும்பிப் பார்த்தேன். பெரியவர் கும்மிக்குக் கொட்டுவதுபோல் இரு கையும் சேர்த்துத் தட்டிக்கொண்டிருந்தார்.