டன்னலில் எழுதிய பேண்ட்விட்த் டிராஃபிக்கைத் தடுத்து நிறுத்தாது

எம்.பி.எல்.எஸ். (பாக்கெட்டில் ஒட்டிய லேபிளைப் பார்த்து அனுப்பும் முறை) நெட்வொர்க்குகளைச் சரிபார்க்கப் போகும் இடங்களில் ஒரு தவறான நம்பிக்கையைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். டன்னலில், அதாவது ரூட்டர்களுக்கு இடையே முன்கூட்டியே வகுத்த லேபிள் பாதையில், வினாடிக்கு 100 மெகாபிட் என்று பேண்ட்விட்த் கொடுத்துவிட்டால் அதற்கு மேல் எதுவும் போகாது, அந்த 100-ஐ வேறு யாரும் தொடவும் முடியாது என்பதுதான் அது. இரண்டுமே தானாக நடப்பதில்லை.

இந்த டன்னலை அமைக்கும் ஆர்.எஸ்.வி.பி.-டி.இ. நெறிமுறை செய்வது கணக்கு வைப்பது மட்டுமே. பாத் செய்தி கடைசி ரூட்டர் வரை போகிறது. அங்கிருந்து திரும்பும் ரெஸ்வ் செய்தி வழியெல்லாம் லேபிளைக் கொடுத்துக்கொண்டே, ஒவ்வொரு லிங்க்கின் மீதியிலிருந்தும் 100 மெகாபிட்டைக் கழிக்க வைக்கிறது. அந்த மீதியை ஓ.எஸ்.பி.எஃப். அல்லது ஐ.எஸ்.-ஐ.எஸ். என்ற ரூட்டிங் நெறிமுறை மற்ற ரூட்டர்களுக்குச் சொல்கிறது. அடுத்த டன்னலுக்கு எங்கே இடம் இருக்கிறது என்று தேட இந்த எண் போதும். ஆனால் அதே டன்னலுக்குள் 400 மெகாபிட் வந்து விழுந்தால், நீங்கள் தனியாகச் சொல்லாதவரை ரூட்டர் அதை அப்படியே அனுப்பும். கணக்கில் லிங்க் காலி, நிஜத்தில் கியூ (பாக்கெட்டுகள் காத்திருக்கும் வரிசை) நிரம்பி பாக்கெட்டுகள் விழுகின்றன. டன்னல் நிலையைப் பார்த்தால் 'அப்' என்றே இருக்கும்.

இன்னொன்று, டன்னலுக்குள் போகாத சாதாரண ஐ.பி. டிராஃபிக்கும் எல்.டி.பி. (ஒதுக்கீடு இல்லாமல் லேபிள் மட்டும் கொடுக்கும் நெறிமுறை) லேபிளில் போவதும் இந்தக் கணக்கிலேயே வராது. அவை ஓடும் லிங்க்கை முழுவதுமாக ஒதுக்கீட்டுக்குத் திறந்துவிடாதீர்கள். சிஸ்கோ ஐ.ஓ.எஸ்.-இல் எண் கொடுக்காவிட்டால் 75 சதவீதம்தான் ஒதுக்கீட்டுக்குக் கிடைக்கும். ஜூனிப்பரில் 100 சதவீதம்.

சரி, டிராஃபிக்கை உண்மையில் கட்டுப்படுத்துவது எது? நுழையும் ரூட்டரில் போலீசர் (வரம்பை மீறும் டிராஃபிக்கைத் தடுப்பது), வழியில் ஒவ்வொரு லிங்க்கிலும் கியூ. லேபிள் ஹெட்டரில் டிராஃபிக்கை வகைப்படுத்த இருப்பது 3 பிட், அதாவது 8 வகுப்புகள். கடைசிக்கு முந்தைய ரூட்டர் லேபிளைக் கழற்றும்போது இந்த 3 பிட்டும் சேர்ந்து போய்விடும். கடைசித் தாவலிலும் அந்தக் குறி வேண்டுமென்றால் எக்ஸ்ப்ளிசிட் நல், அதாவது லேபிள் 0 என்ற வெற்று லேபிளை, அனுப்பச் சொல்லுங்கள்.

ஆட்டோ பேண்ட்விட்த் நல்ல வசதி. ஓடும் டிராஃபிக்கை அளந்து ஒதுக்கீட்டை அதற்கேற்ப மாற்றும். மேல் வரம்பு வைக்காமல் மட்டும் அதை இயக்க வேண்டாம். திடீரென வீங்கிய ஒரு டன்னல், முன்னுரிமை குறைந்த டன்னல்களை வெளியே தள்ளிவிடும். முன்னுரிமையில் 0 உச்சம், 7 கடைசி என்பதையும் பலர் தலைகீழாக வைத்திருக்கிறார்கள்.

எனக்கு அதிகம் கவலை தருவது ஃபாஸ்ட் ரீரூட். லிங்க் அறுந்தால் 50 மில்லி வினாடிக்குள் டிராஃபிக் மாற்றுப் பாதைக்குப் போக வேண்டும் என்பதற்காகத்தான் அதை வைக்கிறோம். ஆனால் அந்த பேக்கப் டன்னலுக்குப் பெரும்பாலும் பேண்ட்விட்த் பூஜ்யம். லிங்க் அறுந்ததும் இத்தனை டிராஃபிக்கும் கணக்கே இல்லாத பாதையில் போய் விழும். அதோடு பேக்கப் டன்னலின் லேபிள் ஒன்று கூடுவதால் பாக்கெட் 4 பைட் பெரிதாகும், எம்.டி.யு.வை (லிங்க் ஏற்கும் அதிகபட்ச பாக்கெட் அளவை) ஒட்டி வைத்திருந்தால் பெரிய பாக்கெட்டுகள் மட்டும் காணாமல் போகும். பராமரிப்பு நேரத்தில் லிங்க்கை நீங்களே இறக்கிவிட்டு, முழு அளவு பாக்கெட்டை, துண்டாக்காதே என்று சொல்லும் டி.எஃப். பிட்டோடு அனுப்பிப் பாருங்கள். அப்புறம் அந்த மாற்று லிங்க்கின் கியூவில் டிராப் கவுண்டர் ஏறுகிறதா என்றும் பாருங்கள்.