கார் சுருங்கும், பெயின்ட் சுருங்காது: பழைய பாணி ஸ்லாட் கார் பாடிக்கு நிறம் ஏற்றுவது எப்படி

ஸ்லாட் கார் என்பது தடத்தில் உள்ள பள்ளத்தைப் பிடித்து மின்சாரத்தில் ஓடும் சிறு மாடல் கார். 1/32 அளவில் அதன் பாடியைக் கையால் செய்யும்போது கதவு, கிரில், ஹெட்லைட் எல்லாவற்றையும் 32-இல் ஒரு பங்காகக் குறைத்துவிடலாம். பெயின்ட்டை அப்படிக் குறைக்க முடியாது. நிஜக் காரின் தகட்டின் மேல் பிரைமர் (அடிப்பூச்சு) முதல் கிளியர் (நிறமற்ற மேல்பூச்சு) வரை சேர்த்து ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரான் பெயின்ட் இருக்கும். அதே 100 மைக்ரான் மாடலின் மேல் ஏறினால், நிஜக் காரில் 3.2 மி.மீ. கனத்துக்குப் பெயின்ட் அப்பியதற்குச் சமம். பொம்மை போலத் தெரியும் பாடிகளில் பெரும்பாலும் வடிவம் சரியாகவே இருக்கும்; கோடுகளும் விளிம்புகளும் பெயின்ட்டுக்குள் மூழ்கியதுதான் காரணம்.

கதவைச் சுற்றியுள்ள இடைவெளியைக் கணக்குப் போட்டால் இது புரியும். நிஜத்தில் 4 மி.மீ. என்றால் மாடலில் 0.125 மி.மீ., அதாவது 125 மைக்ரான். பள்ளத்தின் இரு சுவரிலும் 40 மைக்ரான் பெயின்ட் படிந்தால் மிச்சம் 45 மைக்ரான். போதாக்குறைக்கு, ஈரமான பெயின்ட்டின் பரப்பு இழுவிசை அதைக் கூர்மையான விளிம்பிலிருந்து விலக்கிப் பள்ளத்தின் அடிக்குத் தள்ளும். மேட்டில் மெலிந்து, பள்ளத்தில் தேங்கும். அதனால் கோடுகளை 0.25 முதல் 0.3 மி.மீ. அகலமும் ஏறக்குறைய அதே ஆழமுமாக வெட்ட வேண்டும். அளவுகோல்படி தப்புதான். கண்ணுக்கு அதுதான் சரியாகப் படும்.

கோடு வெட்டப் பிளேடின் கூர்முனை வேண்டாம். அது பிளாஸ்டிக்கைப் பிளந்து இரு பக்கமும் மேடு கிளப்பும். பிளேடின் முதுகுப் பக்கமோ, கோடு கீறுவதற்கென்றே இருக்கும் ஸ்கிரைபரோ மெல்லிய சுருளாகச் சீவி எடுக்கும். கெட்டியான லேபிள் டேப்பை வழிகாட்டியாக ஒட்டி, முதல் மூன்று நான்கு இழுப்புகளை ஏறக்குறைய அழுத்தமே இல்லாமல் இழுக்க வேண்டும். கருவி தடம் மாறி ஓடுவது எப்போதும் முதல் இழுப்பில்தான். பாடி பாலிஸ்டைரீன் தகடு என்றால், மெல்லிய பிரஷ்ஷால் நீர்த்த பிளாஸ்டிக் பசையைக் கோட்டுக்குள் ஒரு முறை ஓட விட்டால் பிசிறு கரைந்து அடங்கிவிடும். பிரைமர் அடித்து உலர்ந்த பிறகு ஸ்கிரைபரை இன்னொரு முறை லேசாக ஓட்டுங்கள்.

பட்டி பார்ப்பதில் பொறுமை வேண்டும். கரைப்பான் கலந்த ட்யூப் பட்டி, கரைப்பான் ஆவியாக ஆவியாகச் சுருங்கும். ஒரே நாளில் 2 மி.மீ. கனத்துக்கு நிரப்பித் தேய்த்துப் பெயின்ட் அடித்தால், இரண்டு வாரம் கழித்து ஒட்டு இருந்த இடம் குழிந்து பளபளப்பின் நடுவே நிழல்போல் தெரியும். ஒரு தடவைக்கு அரை மி.மீ.க்கு மேல் போகாமல் அடுக்கடுக்காகப் பூசலாம். ஆழமான இடத்துக்கு ஹார்ட்னர் கலந்து இறுகும் பாலியஸ்டர் பட்டியே நல்லது. அது வேதிவினையால் இறுகுவதால் சுருக்கம் மிகக் குறைவு. வடிவம் தேய்க்க 240, பிரைமருக்கு முன் 400, பிரைமருக்கு மேல் 800 நம்பர் வாட்டர் பேப்பர். 400-இன் கீறல் ஆழமாக இருந்தால் எத்தனை கோட் அடித்தாலும் மேலே தெரியும். ரெசினில் வார்த்த பாடி என்றால், அச்சிலிருந்து கழற்ற உதவிய எண்ணெய்ப் பசை மேலே ஒட்டியிருக்கும். பாத்திரம் கழுவும் சோப்பால் தேய்த்துக் கழுவி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்த பிறகு வெறும் விரல் படக்கூடாது. விரலின் எண்ணெய் பட்ட இடத்தில் பெயின்ட் விலகி வட்ட வட்டமாகக் கண் திறக்கும்.

பழைய பாணிக் காருக்கு என்ன நிறம் என்பதற்கு வரலாறு ஓரளவு விடை வைத்திருக்கிறது. 1960-களின் பெரும்பகுதி வரை சர்வதேசப் பந்தயங்களில் கார்கள் நாட்டு நிறத்தில் ஓடின: இத்தாலிக்குச் சிவப்பு, பிரிட்டனுக்குப் பச்சை, பிரான்சுக்கு நீலம், ஜெர்மனிக்கு வெள்ளி, பெல்ஜியத்துக்கு மஞ்சள். 1968-இல்தான் ஃபார்முலா ஒன் கார்கள் விளம்பரதாரரின் நிறங்களை முழு உடலிலும் போர்த்திக்கொண்டன. 1950-களின் கார் ஒன்றின் பக்கவாட்டை அடைத்துப் பெரிய விளம்பரம் ஒட்டினால், விஷயம் தெரிந்தவர் கண் முதலில் அங்கேதான் போகும்.

சிவப்பும் மஞ்சளும் அடிப்பவரை அழ வைக்கும் நிறங்கள். வெள்ளைப் பெயின்ட்டில் இருக்கும் டைட்டானியம் டைஆக்சைடின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 2.7, அதைச் சுற்றியுள்ள பிசினுக்கு 1.5. இந்த இடைவெளி பெரிதாக இருப்பதால் ஒளி உள்ளே போகாமல் சிதறித் திரும்பும், அடியில் இருப்பது மறையும். பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள் கரிம நிறமிகளுக்கு அந்த இடைவெளி சிறியது. ஒளி ஊடுருவி அடி நிறத்தைத் தொட்டுத் திரும்பும். சாம்பல் பிரைமருக்கு மேல் மஞ்சள் அடித்தால் அழுக்குப் பச்சை சாயல் வரும். அதை மறைக்க நான்கு ஐந்து கோட் அடித்தால் கோடுகள் மூழ்கும். சிவப்புக்கு அடியில் இளஞ்சிவப்பு, மஞ்சளுக்கு அடியில் வெள்ளை என்று அடித்தளத்தை மாற்றினால் இரண்டு மூன்று மெல்லிய கோட்டிலேயே வேலை முடியும். கடைசிக் கணக்கு பிரைமர் 20, நிறம் 25, கிளியர் 25 என 70 மைக்ரானுக்குள் நின்றால் நல்ல கைவேலை.

வெள்ளிக்கு வேறு தொல்லை. கார் பட்டறையின் மெட்டாலிக் பெயின்ட்டில் இருக்கும் அலுமினியச் செதில் 30 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், 1/32-இல் அது ஏறக்குறைய 1 மி.மீ. ஜிகினாவாகத் தெரியும். பளபளப்பான கருப்பு அடித்தளத்தின் மேல், மாடல்களுக்கென்றே மிக நுண்ணியதாக அரைத்த உலோக லாக்கரை மென்புகை போல அடிப்பதுதான் வழி. அடித்தளக் கருப்பில் தூசி இருந்தால் வெள்ளி அதைப் பத்து மடங்காக்கிக் காட்டும்.

ஸ்பிரே கேன் என்றால் 15 முதல் 20 செ.மீ. தூரம். கேனை 35–40 டிகிரி வெதுவெதுப்பான நீரில் சில நிமிடம் வைத்தால் உள்ளழுத்தம் கூடி, பெயின்ட் இளகி, துளிகள் நுண்ணியதாகும். 50 டிகிரியைத் தாண்டவே கூடாது, கேன் வெடிக்கலாம். ஏர்பிரஷ் என்றால் 0.3 மி.மீ. முனை, 1 முதல் 1.5 பார் அழுத்தம், 8–10 செ.மீ. தூரம். முதலில் பாதி மூடும் தூவல் கோட், பத்து நிமிடம் கழித்து ஈரமான கோட். தூரத்திலிருந்து அடித்தால் துளிகள் காற்றிலேயே பாதி உலர்ந்து சொரசொரப்பாக ஒட்டும். துளிகள் கெட்டியாக வந்து விழுந்தால், பரவிச் சமமாவதற்குள் இறுகி ஆரஞ்சுத் தோலாகும். மழை நாளில் லாக்கர் அடித்தால் வெண்படலம் படர்வதும் இயற்பியல்தான். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பைக் குளிர்விக்கிறது. காற்றின் ஈரம் அதன் மேல் நீராகப் படிந்து படலத்துக்குள் சிக்குகிறது. மெதுவாக உலரும் தின்னர் கொஞ்சம் கலந்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

எதன் மேல் எது என்பதில் விளையாட்டு வேண்டாம். லாக்கர் கரைப்பான் ஆவியாவதால் மட்டுமே உலர்கிறது. எனாமல் முதலில் உலர்ந்து, பிறகு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினை புரிந்து பல நாள் இறுகுகிறது. லாக்கருக்கு மேல் எனாமல் அடிக்கலாம். பாதி இறுகிய எனாமலின் மேல் லாக்கர் அடித்தால், அதன் வீரியமான கரைப்பான் உள்ளே ஊறி எனாமலை உப்ப வைக்கும். பரப்பு சுருங்கி மடிந்துவிடும், மீட்க வழியில்லை, சுரண்டி எடுக்க வேண்டியதுதான். லாக்கர் நேரடியாகப் பாலிஸ்டைரீனையும் கடிக்கும். பிரைமர் வேண்டுவது அதற்காகவும்தான். சாதாரணத் துணி மாஸ்க் இந்த ஆவிகளைத் தடுக்காது, கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் மாஸ்க் போட வேண்டும். ஐசோசயனேட் ஹார்ட்னர் கலந்த இரண்டு பாகக் கிளியரை வீட்டில் அடிக்காமல் இருப்பதே நல்லது.

பந்தயக் கோடுகளுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டியதும், அடியில் உள்ள நிறத்தையே, அல்லது கிளியரை, ஒரு மெல்லிய கோட் அடியுங்கள். டேப்புக்கு அடியில் கசிய வேண்டியது அதுவாகவே கசிந்து வழியை அடைத்துவிடும். பிறகு வரும் நிறத்துக்கு வழியிருக்காது. டேப்பை மேலே தூக்காமல், தன் மேலேயே மடித்துத் தாழ்வாக இழுக்க வேண்டும். எண்ணுக்கான வெள்ளை வட்டம் நிஜத்தில் 45 செ.மீ. என்றால் இங்கே 14 மி.மீ. சந்தையில் கிடைக்கும் டீக்கால் (எண், சின்னம் அச்சிட்ட மெல்லிய ஒட்டுப்படம்) பெரிதாக இருப்பது சகஜம், அளந்து வாங்குங்கள். டீக்காலைப் பளபளப்பான பரப்பில்தான் ஒட்ட வேண்டும். மேட் பரப்பின் நுண் குழிகளில் காற்று சிக்கினால், அது ஒளியைச் சிதறடித்து டீக்காலுக்கு அடியில் வெள்ளிபோல் மின்னும்.

கோடுகளுக்குள் ஆழம் காட்ட, அக்ரிலிக் கிளியரின் மேல் மிக நீர்த்த எனாமலை ஓட விடலாம். நுண்புழை ஈர்ப்பு அதைத் தானே இழுத்துக்கொள்ளும். கருப்பு வேண்டாம். சிவப்புக் காருக்கு அடர் பழுப்பு, வெள்ளைக் காருக்கு நடுத்தரச் சாம்பல். பானெட்டைக் கட்டும் தோல் வார் நிஜத்தில் 25 மி.மீ. அகலம், இங்கே 0.8 மி.மீ.; மாஸ்கிங் டேப்பை அந்த அகலத்துக்கு நறுக்கிப் பழுப்பு அடித்தால் அதன் சொரசொரப்பே தோலாகத் தெரியும். குரோம் விளிம்புக்குப் பெயின்ட்டைவிடப் பசை தடவிய மெல்லிய உலோகத் தாள் நல்லது. மரக்குச்சியால் தேய்த்து அமுக்கி, புதுப் பிளேடால் நறுக்க வேண்டும். பழைய பிளேடு தாளை வெட்டாமல் கிழிக்கும். கல் பட்ட காயம் காட்டுவதாக இருந்தால், அந்தக் காலப் பந்தயக் கார்களில் பல அலுமினியத் தகட்டாலானவை என்பது நினைவிருக்கட்டும். காயத்துக்குள் வெள்ளி தெரியும், துரு தெரியாது.

ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட்டை வெற்றிடத்தில் இழுத்துச் செய்த பாடி என்றால் இந்த வரிசை முழுவதும் தலைகீழ். உட்புறமாக அடிப்பதால், முதலில் அடிப்பதுதான் வெளியே தெரியும்: கோடு, எண், பிறகு பாடி நிறம், கடைசியில் பின்னணிக் கோட். அந்தப் பிளாஸ்டிக்குக்கென்றே வந்த, வளைந்து கொடுக்கும் பெயின்ட் தவிர வேறு எதுவும் முதல் மோதலிலேயே உரிந்துவிடும்.

ஜன்னலை சூப்பர் குளூவால் ஒட்டாதீர்கள். அதன் ஆவி கண்ணாடியில் வெண்புகையாகப் படியும். வெள்ளைப் பசை போதும். ஓட்டுநர் பொம்மைக்குத் தலையும் தோளும் இருந்தால் போதும், கெட்டி ரெசின் உருவம் எடையை மேலே ஏற்றி வளைவில் காரைக் கவிழ்க்கும். சேசிஸில் (அடிச்சட்டத்தில்) பாடியை இறுக்கிய பிறகு ஒவ்வொரு திருகையும் கால் சுற்று தளர்த்திவிடுங்கள். அந்த ஆட்டம் அதிர்வைப் பாடிக்கு விடாமல் வாங்கிக்கொள்ளும். திருகுத் தூணைச் சுற்றிப் பெயின்ட் விரிசல் விடுவதும் குறையும். சக்கர வளைவின் உள்விளிம்பில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு, டயருக்கும் பாடிக்கும் நடுவே எல்லாப் பக்கமும் 1 மி.மீ. இருக்கிறதா என்று சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டுத் தடத்தில் வையுங்கள்.